எல்லைக் கல்லில் கட்டிய கப்பி

டிராக்டருக்குப் பின்னால் வடம் சுற்றி இழுக்கிற வின்ச்சை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குள் போய்ப் பாருங்கள். மரம் இழுக்க வந்தவன்தானே என்று ஒருத்தரும் சும்மா விட மாட்டார்கள். மாட்டுக் கொட்டகை மேல் விழுந்த வேப்ப மரத்தை எடுக்கப் போனால், அப்படியே சேற்றில் மாட்டிய டெம்போவை, அப்படியே கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை, அப்படியே சாய்ந்துபோன கேட்டுத் தூணை என்று வரிசை கட்டி நிற்பார்கள். பெரியபாளையத்துப் பக்கம் ஒருவர், பல வருடமாக வீட்டைக் காலி செய்யாத வாடகைக்காரரை இழுத்து வெளியே போட முடியுமா என்று என்னிடம் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். நானும் சிரிக்காமல், ஆள் எவ்வளவு எடை இருப்பார் என்று கேட்டேன்.

கிளட்சை மிதித்து மிதித்து முட்டி இரண்டும் தேய்ந்து, போன வருடம்தான் நான் இந்தத் தொழிலை விட்டு இறங்கினேன். கும்மிடிப்பூண்டி தொடங்கிப் பள்ளிப்பட்டு வரைக்கும் புதிதாக வின்ச் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். அதில் என்னையும் சேர்த்துக்கொண்டு, எழுதுங்கள் எழுதுங்கள் என்று பிடுங்கி எடுக்கிறீர்கள். வடத்துக்கு எப்போது எண்ணெய் தடவ வேண்டும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அது இருக்கிறது, படியுங்கள். மூடி போடாமல் ஷாஃப்டைச் சுற்றவிட்டால் லுங்கி என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

நான் கோபக்காரன். வேலை நேரத்தில் குறுக்கே பேசினால் கன்னாபின்னாவென்று கத்திவிடுவேன். என்னோடு பல வருடம் வேலை பார்த்த செபாஸ்டினைக் கேளுங்கள், சொல்வான். ஆனால் திரும்பிப் பார்த்தால், என் தொழிலில் நான் செய்த தப்புகளில் பெரும்பாலானவை கோபத்தில் நடந்தவை அல்ல, பசி நேரத்தில் நடந்தவை. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் ஒரு மனுஷனுக்கு எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தெரியும். இது ஏன் என்று போகப் போகப் புரியும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வேப்பம்பட்டில் புயலுக்கு அடுத்த நாள், ஒரு தெருவில் தூங்குமூஞ்சி மரம் காம்பவுண்டுச் சுவர் மேல் படுத்துக் கிடந்தது. இழுக்கப் போனோம். தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கையை ஆட்டினார்கள். ஒருத்தர் இழு என்கிறார், ஒருத்தர் நிறுத்து என்கிறார், ரயிலுக்குக் கிளம்பிய ஒருத்தர் நின்று நிதானமாக இடது பக்கம் என்கிறார். மாடியிலிருந்து ஒரு அம்மா கையை வேகமாக உள்பக்கமாக ஆட்டினார். உயரத்தில் நிற்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி நான் இழுத்துவிட்டேன். மரத்தோடு அவர் வீட்டு கேட்டும் வந்தது. அந்த அம்மா எதிர்வீட்டுத் தோழியைக் காபி குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து செபாஸ்டினுக்கு ஒரு சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிற கையைத் தவிர எந்தக் கையையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு வெல்டிங் வைத்தால் ஒட்டிவிடும். இப்போது சொல்லப்போவதற்கு வெல்டிங் கிடையாது.

நான் முதலில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் கலாசியாக இருந்தவன். கனமான எந்திரங்களைச் சங்கிலி போட்டுத் தூக்குவது, இழுப்பது, இடம் மாற்றுவதுதான் கலாசி வேலை. அங்கே ஒரு பாரத்தை இழுக்க வேண்டும் என்றால் கப்பியை எங்கே கட்டலாம் என்று சுற்றிப் பார்ப்போம். கப்பி உங்களுக்குத் தெரியும், வடத்தின் போக்கைத் திருப்பிவிடுகிற சக்கரம். எந்தத் தூண் உறுதியோ அதில் கட்டுவோம். தூண் தாங்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. தூண் யாருடையது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கம்பெனிக்குள் எல்லாத் தூணும் கம்பெனியுடையதுதானே. இந்தப் பழக்கத்தோடு நான் வயலுக்குள் இறங்கினேன். என்னை மாதிரி கம்பெனியிலிருந்து வந்தவர்கள் உங்களில் பாதிப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பெரியபாளையத்துக்கு வடக்கே ஒரு ஊர். ருக்மணி அம்மா என்று ஒருவர், கணவர் இல்லை, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகச் சவுக்கு போட்டிருந்தார். ஏரிக்குக் கீழே இருக்கிற நிலம். மரத்தை வெட்டிப் போட்டாயிற்று, ஆனால் மழை முந்திக்கொண்டதால் லாரி உள்ளே இறங்க முடியவில்லை. கரை மேல் டிராக்டரை நிறுத்தி, கழிகளைக் கட்டுக் கட்டாக வின்ச்சில் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். நம் மாதிரி ஆட்களுக்கு வாய்க்கிற நல்ல வேலை அது, இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

சிக்கல் ஒன்றுதான். டிராக்டர் நிற்கிற இடத்துக்கும் கழி கிடக்கிற இடத்துக்கும் நேர்க்கோடு போட்டால், பக்கத்து நிலத்தின் ஒரு மூலையை அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த மூலையில் பச்சைப் பசேலென்று நாற்றங்கால். அந்த நிலம் தாமோதரனுடையது. அவர் வேறு யாரும் இல்லை, ருக்மணி அம்மாவின் கணவருக்குக் கூடப் பிறந்த தம்பி. நில எல்லைக்காக அண்ணன் இருந்த காலத்திலேயே தொடங்கிய தகராறு. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, அண்ணன் போன பிறகு ஒரு வழியாகச் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். கல் நட்டதோடு வழக்கு முடிந்தது. பேச்சுவார்த்தையும் முடிந்துபோனது. இரண்டு வீடும் ஒரே தெருவில். இவர் வாசலில் நின்றால் அவர் உள்ளே போய்விடுவார்.

இதையெல்லாம் காலையிலேயே டீ கொடுத்துக்கொண்டே ருக்மணி அம்மா என்னிடம் சொன்னார். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேராக இழுக்க முடியாது என்றால் அந்த மூலையில் ஒரு கப்பியைக் கட்டி, வடத்தை நாற்றங்காலைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். மூலை வரப்பில் ஒரு பனை மரம் நின்றது. யானையைக் கட்டினாலும் அசையாது. அதில் கட்டலாம் என்று நான் சங்கிலியை எடுத்ததும் ருக்மணி அம்மா ஓடி வந்தார். அந்தப் பனை தாமோதரனுக்கு என்று ஊரில் பேசித் தீர்த்திருக்கிறார்களாம்.

“வேணாம்ணா. அவரு மரத்துல என் கயிறு படக்கூடாது. நாளிக்கு ஒரு சொல்லு வரும்” என்றார்.

போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன். அதுவும் கூடாது என்றார். சரி, வேறு வழி பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் எங்களுக்குச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போனார். மணி பன்னிரண்டே முக்கால்.

பனைக்கு நாலு அடி தள்ளி, கோவைக் கொடி மூடி, ஒரு கருங்கல் முழ உயரத்துக்கு வெளியே தெரிந்தது. நம் பக்கத்தில் வேலிக்குக் கருங்கல் தூண் நடுகிற வழக்கம் உண்டே, அப்படி உடைந்துபோன பழைய வேலித் தூண் என்று நினைத்தேன். காலால் ஒரு உதை விட்டேன், அசையவில்லை. செபாஸ்டின் கொடியை விலக்கப் போனான்.

“கல்லு யாருதுணா?” என்று கேட்டான்.

“கல்லு கல்லோடது. கட்றா.”

இதுதான் நான் சொன்ன பதில். இதை இப்போது எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவன் கேட்டது சரியான கேள்வி. பசியும், தொழில் தெரிந்தவன் என்கிற திமிரும் சேர்ந்து எனக்குக் காது அடைத்திருந்தது.

முதல் கட்டு ஒழுங்காக வந்தது. இரண்டாவது கட்டில் கழிகளின் அடிமுனை சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. வடத்தைத் தளர்த்தி, இறங்கிப் போய், முனையைத் தூக்கிவிட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். உங்களில் யாராவது அப்படிச் செய்யாமல் விட்டால் நானே திட்டுவேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? வந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வடம் திரும்புகிற இடத்தில் கப்பி மேல் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு பாரம் விழும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சிவப்புத் தொப்பி கையை உயர்த்திக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது.

பெரிய சத்தம் இல்லை. பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கல் வேரோடு பெயர்ந்து, சேற்றைக் கிழித்துக்கொண்டு, தாமோதரனின் நாற்றங்காலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நல்ல வேளை, வளைவுக்கு உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் நான் எப்போதும் கண்டிப்பு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். செபாஸ்டின் கல்லின் பக்கத்தில் குந்தி, மண்ணைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லின் தலையில் உளியால் வெட்டிய அம்புக்குறி இருந்தது.

“அண்ணா, இது சர்வே கல்லுணா. பேஜாராப் பூட்ச்சு” என்றான்.

என் வயிற்றில் இருந்த பசி அந்த நிமிடமே காணாமல் போனது. ஏன் என்று சொல்கிறேன். கல் போய் விழுந்த இடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் நடுவில், நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு எட்டில், தாமோதரனின் போர்வெல் இருந்தது. அவருடைய பயிருக்கு அது ஒன்றுதான் தண்ணீர். கல் இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் போர்வெல் அவருடையது. கல் அந்தப் பக்கம் போய்விட்டால் ருக்மணி அம்மாவுடையது. ருக்மணி அம்மா கூலிக்குக் கூப்பிட்ட நான், ருக்மணி அம்மாவுக்கு லாபமாக, கல்லை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். நானே நீதிபதியாக இருந்தால் என்னை நம்ப மாட்டேன்.

சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

“நட்டுட்டு மண்ணத் தள்ளிக்கினு போய்க்கினே இருக்கலாம்ணா. யாருக்குத் தெரியப்போவுது?” என்று செபாஸ்டின் மெதுவாகச் சொன்னான். அவன் மோசமான ஆள் இல்லை. என் மேல் இருந்த பாசத்தில் சொன்னான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கடப்பாரையைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு குழியைத் தேடினேன். குழி இல்லை. கல் வந்த வழி முழுக்க, ஏர் உழுத சால் மாதிரி நீளமாகக் கிழிந்து, தண்ணீர் ஊறி நின்றது. கல் இங்கே நின்றதா, ஒரு சாண் தள்ளி நின்றதா, ஒரு முழம் தள்ளியா? நான் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நட்டால், அந்தக் குத்துமதிப்பு ஒருத்தர் தண்ணீரை எடுத்து இன்னொருத்தரிடம் கொடுத்துவிடும். அவர்கள் இருவரும் சண்டை போடாமல் இருப்பதே அந்தக் கல் ஒன்றை நம்பித்தான். கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

தப்பு நடந்த பிறகு எதையும் தொடாதீர்கள், தம்பிகளா. அள்ளி மூடுகிற ஒவ்வொரு கை மண்ணும் இன்னொரு தப்பு. வடத்தைக்கூட நான் சுருட்டவில்லை. செபாஸ்டினைச் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுக்கச் சொன்னேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாயிற்று. யாரிடம் முதலில் சொல்வது?

இதுதான் அன்றைக்கு என் மூளையைக் கசக்கிய கேள்வி. ருக்மணி அம்மாவிடம் முதலில் சொன்னால், இரண்டு பேரும் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள் என்று தாமோதரன் நினைப்பார். தாமோதரனிடம் முதலில் சொன்னால், எதிரியிடம் ஓடிப்போய்க் காட்டிக்கொடுத்தான் என்று இந்த அம்மா நினைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் ஒருவர் நின்றால் ஒருவர் உள்ளே போகிற ஆட்களை ஒரே வரப்பில் எப்படி நிறுத்துவது? தாமோதரன் வீட்டுக்குச் செபாஸ்டினை அனுப்பினேன். என்னைச் சாவடிக்கத்தான் அனுப்புகிறாயா என்று கேட்டுக்கொண்டே போனான். காரணம் சொல்லாமல், நாற்றங்காலில் சேதம், உடனே வாருங்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன். நாற்றுக்குச் சேதம் என்றால் விவசாயி வராமல் இருக்க மாட்டார். ருக்மணி அம்மா எப்படியும் சாப்பாட்டோடு வந்துகொண்டிருந்தார்.

ஐந்து நிமிட இடைவெளியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவர் மொபெட்டைப் போட்டுவிட்டு வரப்பின் அந்தப் பக்கம் நின்றார். இவர் தூக்குப் பாத்திரத்தோடு இந்தப் பக்கம். நடுவில் நான். அவர்களில் ஒருவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன், கைகட்டிக்கொண்டுதான் சொன்னேன்: கல்லில் கப்பி கட்டியது நான், யாரும் சொல்லவில்லை, எல்லைக் கல் என்று பார்க்காதது என் தப்பு, இழுத்துப் போட்டதும் நான், அதற்கு அப்புறம் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடவில்லை.

தாமோதரன் கல்லைப் பார்த்தார், போர்வெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ருக்மணி அம்மா பக்கம் பார்க்கவே இல்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் நாலு முழ தூரத்தில் நின்றுகொண்டு என் மூலமாகப் பேசினார்கள். இன்னா சொல்லி அனுப்பினாங்க உன்னை என்று அவர் என்னிடம் கேட்பார். நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள் என்று இவர் என்னிடம் சொல்வார். நான் திரும்பி, அம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையாம் என்பேன். அது என் காதிலேயே விழுந்தது, நீ சொல்லத் தேவையில்லை என்பார் அவர். அப்புறம் நான் சும்மா நின்றால், இன்னாய்யா சும்மா நிக்கிற, கேளு என்பார். அவர் ‘அந்த ஊட்டு அம்மா’ என்றால், இவர் ‘பக்கத்து நெலத்துக்காரு’ என்றார். ஒரு தடவை அவசரத்தில் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன், இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திருத்தினார்கள்.

கடைசியில் தாமோதரன் வடத்தின் மேல் காலை வைத்தார். சர்வேயர் வந்து அளக்கிற வரைக்கும் ஒரு கழி இந்த இடத்தை விட்டுப் போகாது என்றார். சர்வேயர் வர எவ்வளவு நாள் ஆகும் என்பது இருவருக்குமே நன்றாகத் தெரியும். அதற்குள் ஏரி நிரம்பி வழிந்தால் கழி தண்ணீருக்குள் போய்விடும். ருக்மணி அம்மா தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கல் எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியுமே என்றார் என்னிடம். ஊர் குத்துமதிப்பாகப் பார்த்திருக்கும், சாண் கணக்கு ஊருக்குத் தெரியாது என்று தாமோதரன் என் வழியாகவே திருப்பி அனுப்பினார்.

அப்புறம் தாமோதரன் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது.

“எனக்கு இது நடக்கும்னு தெரியும்யா. அதான் அடையாளம் வச்சிக்கீறேன். கல்லு நட்ட ரெண்டாம் நாளு, கல்லு காலாண்ட, ஏரிப் பக்கமாத் தோண்டி, மோட்டார் பேரிங் ஒண்ணு பொதச்சேன். அது கல்லோட வந்திருக்காது, கல்லுக்கும் கீழ கீது. தோண்டச் சொல்லு. அது எங்க கீதோ அங்கதான் கல்லு.”

நான் ருக்மணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் மாறிப்போயிருந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நொடியில் சந்தேகம் வந்துவிட்டது. இந்த அம்மா ஏற்கெனவே கல்லை நகர்த்தியிருக்கிறாரோ, அதனால்தான் பனையில் கட்ட விடவில்லையோ, அந்தக் கல்லைச் சுற்றிக் கொடி படரவிட்டதும் அதனால்தானோ என்று என் புத்தி கிடுகிடுவென்று ஓடியது. ஒருத்தர் சும்மா நின்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். என் தப்புக்குப் பங்காளி தேடுகிற அவசரம் எனக்கு.

செபாஸ்டின் மண்வெட்டியை எடுக்கப் போனான். வேண்டாம், கையால் தோண்டு என்றேன். கிழிந்த சாலில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், அரை முழத்துக்கு அரை முழமாகச் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். நானும் முழங்கால் வரை இறங்கினேன். தாமோதரன் குனிந்து நின்றார், அவர் நெற்றி வியர்வை என் தோளில் விழுந்தது. அவருடைய தண்ணீர் எங்கள் விரல் நுனியில் இருந்தது. பேரிங் போர்வெல்லுக்கு இந்தப் பக்கம் கிடைத்தால் அவர் சொன்னது சரி. கிடைக்கவே இல்லையென்றால் இந்த இரண்டு வீடும் இன்னும் எத்தனை வருடம் தாலுகா ஆபீசுக்கு நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அதற்குக் காரணம் நானாக இருப்பேன். வாழ்க்கையில் வேறு எந்த இரும்புத் துண்டுக்காகவும் நான் சாமி கும்பிட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். கல்லை நாங்களாக நிலையாக நடவில்லை. அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டோம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, பிறகு சர்வேயர் வந்து முறைப்படி அளந்துதான் கல்லை நட்டார். குச்சி நின்ற இடத்திலேயே நட்டார். நாற்றுக்கு ஆன சேதத்தை நான் ஏற்றுக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஆனால் இந்த முறைதான், குறுக்கு வழி கிடையாது.

செபாஸ்டினின் கை நின்றது. எதையோ பிடித்து மேலே எடுத்தான். பேரிங் இல்லை. வெள்ளைப் பீங்கான் துண்டு, ஓரத்தில் காபிக் கலரில் பட்டை. ஊறுகாய் ஜாடி உடைந்த துண்டு. இன்னொன்றும் வந்தது, அப்புறம் மூன்றாவது. கழுவி அடுக்கி வைத்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

“இது என்னுது இல்ல” என்றார் தாமோதரன்.

“என்னுது” என்றார் ருக்மணி அம்மா, என்னைப் பார்த்துத்தான்.

கல் நட்ட ஒரு வாரம் கழித்து, தாமோதரன் எப்போதாவது கல்லை நகர்த்திவிட்டால் சாட்சியாக இருக்கட்டும் என்று இந்த அம்மாவும் தோண்டிப் புதைத்திருக்கிறார். ஏரிப் பக்கம் மண் மெத்தென்று இருக்கும், தோண்டச் சுலபம், அதனால் அவரும் அதே பக்கம்தான். இருவருக்கும் ஒரே புத்தி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் காவல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சேற்றுக்குள் நின்றுகொண்டு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“இன்னும் தோண்டு” என்றார் தாமோதரன். “என்னுது எங்க?”

“அதுக்குக் கீழதான் கீது” என்றார் ருக்மணி அம்மா. “அடியில.”

செபாஸ்டின் கையை விட்டான். அடியில், பீங்கானை ஒட்டியே, துருவேறி உருண்டையாகிப்போன பேரிங் இருந்தது.

தாமோதரன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார். நான் நடுவில் நிற்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

“அடியில கீதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?” என்று நேராக அவரிடமே கேட்டார்.

“நான் தோண்டும்போதே பாத்தேன். உன்னுதுன்னு தெரிஞ்சிபோச்சி. மேலயே என்னுத வச்சி மூடிட்டேன்.”

“எடுத்து வீசிருக்கலாமே, அண்ணி.”

“எடுத்துட்டா, அப்புறம் உனக்கு இன்னா சாட்சி?”

தாமோதரன் பேரிங்கை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துருவைத் துடைத்தால் போகுமா? செபாஸ்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டான், எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த அம்மாவையா ஐந்து நிமிடத்துக்கு முன் சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

அப்புறம் தாமோதரன் திடீரென்று, இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினார். நீ என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினாயா என்று அண்ணியும் கத்தினார். அண்ணன் காரியத்துக்கு வந்தபோது ஏன் சாப்பிடாமல் போனாய் என்பதில் தொடங்கி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் பத்திரிகை வைக்கவில்லை என்பது வரைக்கும், நேருக்கு நேர், மூச்சு விடாமல் சண்டை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் செபாஸ்டினும் காலில் இருந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, டிராக்டர் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டோம்.